நான்கே ஆண்டில் முடிந்துபோன டர்போ மோட்டார் சைக்கிள்கள்



போன மாதம் தையல் மெஷினின் வரலாறு எழுதியிருந்தேன் அல்லவா, அதைப் படித்துவிட்டு நம் பள்ளியில் படித்த ஒருவர் இங்கிலாந்திலிருந்து நீளமான குரல் பதிவு ஒன்று அனுப்பினார். அங்கே பழைய மோட்டார் சைக்கிள்களைச் சீர் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறார். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் வகுப்புத் தோழர்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள், தயவுசெய்து கமெண்டில் எழுதிவிடாதீர்கள்.

அவர் கையில் இப்போது இருப்பது 1982-ஆம் வருட ஹோண்டா சிஎக்ஸ்500 டர்போ. பல வருடம் கொட்டகையில் கிடந்த வண்டி. பழையபடி அப்படியே ஆக்குவதா, இல்லை புதுக் கணினியும் கூடுதல் அழுத்தமும் வைத்து இன்னும் வேகமாக்குவதா என்று வண்டியின் சொந்தக்காரருக்கு இரண்டு மனம். "டீச்சர், இதை எதுக்குச் செஞ்சாங்க, ஏன் உடனே நிறுத்துனாங்க? அது தெரிஞ்சா நான் என்ன செய்யணும்னு எனக்கே புரிஞ்சிடும்" என்றார்.

ஸ்பேனர் பிடிக்க எனக்குத் தெரியாது. ஆனால் அவர் கேட்டது வரலாற்றுக் கேள்வி. மூன்று வாரம் படித்தேன், அவரும் வீடியோ காலில் ஒவ்வொரு பாகமாகக் கழற்றிக் காட்டினார். தெரிந்துகொண்டதை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் டர்போ என்றால் என்ன என்பதை நம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். விறகடுப்பில் ஊதுகுழல் வைத்து ஊதினால் தீ சட்டென்று எழும்பும். கொல்லன் பட்டறையில் துருத்தி போடுவதும் அதற்குத்தான். எரிய வேண்டியது எவ்வளவு இருந்தாலும் காற்று போதவில்லை என்றால் தீ எழும்பாது. எஞ்சினும் அப்படியே. 1 கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். சாதாரண எஞ்சின் தன் சிலிண்டருக்குள் தானாக இழுக்கும் காற்று எவ்வளவோ அவ்வளவுதான் எரிக்க முடியும். அதே சிலிண்டருக்குள் காற்றை அழுத்தித் திணித்தால் பெட்ரோலையும் கூட்டி எரிக்கலாம், சக்தியும் கூடும்.

திணிப்பதற்கு யார் துருத்தி போடுவது? இங்கேதான் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் புஷி வருகிறார். எரிந்து வெளியே போகும் புகையில் இன்னும் சூடும் வேகமும் இருக்கிறதே, அதை ஏன் வீணாக விட வேண்டும் என்று யோசித்தார். புகை போகும் வழியில் ஒரு சின்னக் காற்றாடி, அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு காற்றாடி. புகை முதல் காற்றாடியைச் சுழற்றும். மறுமுனையில் உள்ளது வெளிக்காற்றை உள்ளே அழுத்தும். 1905-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். 1918-இல் சான்ஃபோர்ட் மாஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு விமான எஞ்சினை 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் பீக் மலைமேல் கொண்டுபோய், காற்று மெலிந்த இடத்திலும் டர்போ வைத்தால் எஞ்சின் சோர்ந்து போகாது என்று நிரூபித்தார். பிறகு அது கப்பலிலும் லாரியிலும் விமானத்திலும் ஏறியது.

காருக்கு வந்தது 1962-இல், அமெரிக்காவில். ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்ற அந்தக் காரில் எஞ்சின் 'தட்டாமல்' இருக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனியாக ஒரு தொட்டியில் ஊற்ற வேண்டும். பலர் ஊற்ற மறந்தார்கள். கார் சீக்கிரமே கைவிடப்பட்டது. 1973-இல் பிஎம்டபிள்யூ ஒரு டர்போ காரை விட்டது. முன்னால் போகிறவர் தன் கண்ணாடியில் பார்த்து ஒதுங்கட்டும் என்று 'டர்போ' என்ற எழுத்தைக் காரின் முகப்பில் திருப்பி எழுதியிருந்தார்கள். அந்த வருடமே எண்ணெய் நெருக்கடி வந்துவிட்டது, 1,672 காரோடு நின்றது. அப்புறம் 1977-இல் ரெனோ நிறுவனம் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு 1.5 லிட்டர் டர்போ காரைக் கொண்டுவந்தது. மற்றவர்களுடையது 3 லிட்டர். ஆரம்பத்தில் அடிக்கடி புகைவிட்டு நின்றதால் 'மஞ்சள் தேநீர்க் கெட்டில்' என்று கேலி செய்தார்கள். 1979-இல் பிரான்சில் ரெனோவின் டர்போ கார் முதலாவதாக வந்தது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. டர்போ என்ற சொல்லுக்கே ஒரு மவுசு வந்துவிட்டது.

மோட்டார் சைக்கிளில் முதலில் கடை வழியாக விற்பனைக்கு வந்தது 1978-இன் கவாசாகி இசட்1ஆர்-டிசி. இதைக் கவாசாகி தொழிற்சாலை செய்யவில்லை. அமெரிக்காவில் கவாசாகியில் முன்பு வேலை பார்த்த ஆலன் மாசெக் என்பவர் தனியாக நிறுவனம் வைத்து, விற்காமல் நின்ற 1,000 சிசி வண்டிகளில் டர்போ பூட்டி விற்றார். சுமார் 500 வண்டிகள். எஞ்சினுக்கு உத்தரவாதம் கிடையாது என்பதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்! அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு சரியாக இல்லாமல், சாதுவாகப் போய்க்கொண்டிருந்த வண்டி திடீரென்று பாய்ந்துவிடும். எஞ்சின் உடைந்த கதைகளும் நிறைய.

இந்த முரட்டு வண்டியைப் படித்த சாதுப் பிள்ளையாக்குகிறேன் என்று புறப்பட்டதுதான் ஹோண்டா. அந்த நேரத்து நிலைமையை இங்கே சொல்ல வேண்டும். 1981-இல் யமஹாவின் தலைவர் ஹிசாவோ கொய்கே, ஹோண்டாவை மிஞ்சி உலகின் முதல் மோட்டார் சைக்கிள் நிறுவனம் ஆவோம் என்று வெளிப்படையாகச் சவால் விட்டார். ஹோண்டா கோபத்தில் இறங்கியது. ஒன்றரை வருடத்துக்குள் 113 மாடல்களை அறிமுகப்படுத்தியோ மாற்றியோ யமஹாவைத் திணறடித்தது. 1983-இல் யமஹா தோல்வியை ஒப்புக்கொண்டது, கொய்கே பதவி விலகினார். வியாபார வரலாற்றில் இதை 'ஹோண்டா-யமஹா போர்' என்றே சொல்கிறார்கள். அப்படிப்பட்ட காலத்தில் "எங்களால் என்ன முடியும் பார்" என்று காட்டும் வண்டிக்குத் தனி மதிப்பு இருந்தது. லாபம் பார்க்க மட்டும் செய்த வண்டி அது என்று என்னால் நம்ப முடியவில்லை.

1980-இல் ஜெர்மனியின் கொலோன் கண்காட்சியில் காட்டிவிட்டு 1982 மாடலாக விற்பனைக்கு விட்டார்கள். தொழிற்சாலையிலேயே டர்போ பூட்டி, பெரிய நிறுவனம் ஒன்று தன் பெயரில் விற்ற முதல் மோட்டார் சைக்கிள் இதுதான். எஞ்சின் 497 சிசி, இரண்டு சிலிண்டர், தண்ணீர் குளிர்ச்சி, செயின் இல்லாமல் ஷாஃப்ட். டர்போ இல்லாத சிஎக்ஸ்500 கொடுத்தது 50 குதிரைத்திறன். டர்போ வைத்த பிறகு 82. காற்றாடியின் விட்டம் சுமார் 5 சென்டிமீட்டர், நம் வீட்டு எவர்சில்வர் டம்ளரின் அடிப்பாகம் அளவு. அது நிமிடத்துக்கு 1,80,000 சுற்று அளவில் சுழல்கிறது. இவ்வளவு சின்ன டர்போ அதற்கு முன் இல்லாததால் ஐஎச்ஐ என்ற ஜப்பானிய நிறுவனம் இந்த வண்டிக்காகச் செய்து கொடுத்தது. கார்பரேட்டரும் கிடையாது. காற்றழுத்தம், தண்ணீர்ச் சூடு, ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதையெல்லாம் உணர்ந்து எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்று ஒரு கணினி முடிவு செய்யும். 1982-ஐ நினைத்துப் பாருங்கள். நம் பள்ளியில் அப்போது மின்விசிறியே தலைமையாசிரியர் அறையில் மட்டும்தான்.

ஹோண்டா ஆரம்பித்ததும் மற்ற மூவரும் ஓடி வந்தார்கள். யமஹா 1982-இல் 653 சிசி எக்ஸ்ஜே650 டர்போ. அதில் கார்பரேட்டரையே அழுத்தக் காற்றுக்குள் வைத்துச் சமாளித்தார்கள், எளிமையான வேலை. சுசுகி 1983-இல் 673 சிசி எக்ஸ்என்85, பெயரில் உள்ள 85 அதன் குதிரைத்திறன். மொத்தம் 1,153 வண்டிகள்தான். (ஓசூரில் டிவிஎஸ்ஸோடு சேர்ந்து 100 சிசி இண்ட்-சுசுகி வந்தது இதற்கு அடுத்த வருடம். அதே சுசுகிதான்!) ஹோண்டாவும் 1983-இல் 674 சிசி, 100 குதிரைத்திறனுடன் சிஎக்ஸ்650 டர்போ விட்டது. கடைசியாக 1984-இல் கவாசாகியின் 738 சிசி ஜிபிஇசட்750 டர்போ. 112 குதிரைத்திறன், நின்ற இடத்திலிருந்து 400 மீட்டரை 11 வினாடிக்குள் கடந்தது. தாமதமாக வந்ததால் மற்றவர்களிடம் பாடம் படித்திருந்தது. டர்போவை எஞ்சினுக்குப் பின்னால் தள்ளாமல், புகை வெளியேறும் துவாரத்துக்கு மிக அருகில் முன்பக்கம் வைத்தார்கள்.

அந்த இடம் ஏன் முக்கியம்? டர்போவின் பிறவிக் குணம் ஒன்று அதில் இருக்கிறது. ஆக்சிலேட்டரைத் திருகினால் உடனே வேகம் வராது. முதலில் புகை கூட வேண்டும், அது காற்றாடியைச் சுழற்ற வேண்டும், காற்றாடி வெளிக்காற்றை அழுத்த வேண்டும், அதற்குப் பிறகுதான் சக்தி. ஆங்கிலத்தில் 'லேக்' என்கிறார்கள், நாம் தயக்கம் என்று வைத்துக்கொள்வோம். புகைக்குழாய் நீளமாக இருந்தால் தயக்கமும் கூடும். காரில் இது சின்னத் தொல்லை. சாய்ந்து வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும் இருசக்கர வண்டியில், நீங்கள் கேட்டபோது வராத சக்தி ஒரு வினாடி கழித்து மொத்தமாகப் பின்சக்கரத்துக்கு வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? மழை நாளில் என்ன ஆகும்? நான்கு நிறுவனங்களும் இதோடுதான் மல்லுக்கட்டின.

இன்னொரு சங்கடம். காற்றை அழுத்தினால் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுவதை எல்லோரும் தொட்டுப் பார்த்திருக்கிறோம். சூடான காற்றும் பெட்ரோலும் தீப்பொறி வருவதற்கு முன்பே தானாக வெடித்தால் பிஸ்டன் தலையில் சுத்தியால் அடிப்பதுபோல் தட்டும். அதைத் தடுக்க, எஞ்சின் தானாகச் செய்யும் அழுத்த விகிதத்தைக் குறைத்தார்கள். சாதாரண சிஎக்ஸ்500-இல் 10-க்கு 1, டர்போவில் 7.2-க்கு 1. விளைவு என்ன? டர்போ வேலை செய்யாத மெதுவேகத்தில் வண்டி சாதாரண சிஎக்ஸ்500-ஐவிட மந்தம். எடையும் காலியாகவே 240 கிலோ அளவில். விலையோ இன்னும் பெரிய எஞ்சின் உள்ள வண்டிகளோடு போட்டி போட்டது.

அமெரிக்க அரசியலும் நடுவில் வந்தது. ஹார்லி-டேவிட்சன் நிறுவனத்தைக் காப்பாற்ற 1983 ஏப்ரலில் ஜனாதிபதி ரீகன், 700 சிசிக்கு மேற்பட்ட இறக்குமதி வண்டிகளுக்கான வரியை 4.4 சதவீதத்திலிருந்து 49.4 சதவீதமாக உயர்த்தினார். ஜப்பான்காரர்கள் 750 சிசி வண்டிகளை 700-க்குள் சுருக்கி அனுப்பினார்கள். கணக்குப்படி பார்த்தால், சின்ன எஞ்சினில் பெரிய சக்தி தரும் டர்போவுக்கு இது பொற்காலமாக இருந்திருக்க வேண்டும். ஹோண்டா, சுசுகி, யமஹா மூன்றின் டர்போவும் 700-க்குள்தான் இருந்தன. அப்படியும் தப்பிக்கவில்லை. அதனால்தான் வரி, எண்ணெய் விலை என்று வெளிக்காரணம் மட்டும் சொல்லும் விளக்கங்களை நான் ஏற்பதில்லை.

டர்போவை முடித்து வைத்தது கவாசாகியே என்பது என் முடிவு. ஜிபிஇசட்750 டர்போ வந்த அதே 1984-இல் அதே நிறுவனம் ஜிபிஇசட்900ஆர் என்ற இன்னொரு வண்டியையும் விட்டது. 'நிஞ்ஜா' என்ற பெயர் அதிலிருந்துதான் ஆரம்பம். 1986-இல் வந்த 'டாப் கன்' படத்தில் டாம் குரூஸ் ஓட்டுவாரே, அதுதான். 908 சிசி, தண்ணீர் குளிர்ச்சி, 16 வால்வு, டர்போ இல்லாமலே 115 குதிரைத்திறன். தயக்கம் கிடையாது, குழாய்ச் சிக்கல் கிடையாது, எடையும் ஹோண்டா டர்போவைவிடக் குறைவு. ஒரே கடையில் இரண்டும் நிற்கும்போது வாங்குகிறவர் எதை எடுப்பார்? 1985 மாடலோடு கவாசாகியும் டர்போவை நிறுத்தியது. நான்கு நிறுவனங்களும் நான்கு ஆண்டுகளில் நுழைந்து வெளியேறிவிட்டன.

இனி நம் மாணவரின் பட்டறைக்குப் போவோம். இந்த வண்டிகளைச் சீர் செய்வதில் முதல் எதிரி துரு இல்லை, கரி. டர்போவின் அச்சு மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்து சுழல்கிறது. வேகமாக ஓட்டிவந்து உடனே எஞ்சினை அணைத்தால் ஆயில் நின்றுவிடும், ஆனால் காற்றாடி செந்தணல் சூட்டில் இருக்கும். அங்கே நிற்கும் ஆயில் கரிந்து கெட்டியாகும். அதனால் அணைப்பதற்கு முன் ஒன்றிரண்டு நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும். இதைச் செய்யாத பழைய சொந்தக்காரர்களின் அவசரத்தை நாற்பது வருடம் கழித்து இவர் சுரண்டி எடுக்கிறார். அச்சை விரலால் பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்து, எவ்வளவு 'ப்ளே' இருக்கிறது என்று அளந்து காட்டினார். காற்றாடியின் இறக்கை கூட்டில் உரசிய தடம் ஒன்றுகூட இல்லை என்றதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவர் மாதிரி.

அடுத்தது ரப்பர் குழாய்கள். நாற்பது வருடத்தில் இறுகி வெடித்திருக்கும். டர்போ அழுத்திய காற்று வழியில் கசிந்தால் சக்தியும் வராது, கணினியின் கணக்கும் தப்பும். சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்க்கிறார், நம்மூர் பஞ்சர் கடைபோலவே. இங்கிலாந்தில் 2021-இலிருந்து சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள், அது பழைய ரப்பரை அரிக்கும். ஆகவே பெட்ரோல் குழாய் அத்தனையும் புதுசு. பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர்களை மீயொலித் தொட்டியில் போட்டுக் கழுவினார். அதிகப்படி புகையை வெளியே திருப்பிவிடும் வேஸ்ட்கேட் என்ற கதவு துருப்பிடித்து மூடியே கிடந்தது. இது திறக்காவிட்டால் அழுத்தம் கட்டுமீறி ஏறி எஞ்சினை உடைக்கும். அதைப் பூப்போல இளக்க இரண்டு நாள் ஆயிற்று. மின்சாரம் தரும் ஸ்டேட்டர் சுருள் இந்த எஞ்சினின் பின்மூடிக்குள் இருக்கிறது, சிஎக்ஸ் வண்டிகளில் எரிந்து போவதற்குப் பெயர்போனது. மாற்ற வேண்டுமானால் எஞ்சினையே சட்டத்திலிருந்து இறக்க வேண்டும். இறக்கினார், மாற்றினார்.

பிறகு ட்யூனிங். இங்கேதான் சொந்தக்காரரின் ஆசை குறுக்கே வந்தது. வேஸ்ட்கேட் தாமதமாகத் திறக்கும்படி செய்தால் அழுத்தம் கூடும், இன்னும் பத்துப் பதினைந்து குதிரைத்திறன் கிடைக்கும். செய்வது சுலபம்தான். ஆனால் காற்று கூடினால் பெட்ரோலும் அதே கணக்கில் கூட வேண்டும். அழுத்தத்தில் ஓடும்போது 12 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற செழிப்பில் இருந்தால்தான் பிஸ்டன் பிழைக்கும். பழைய கணினிக்கு அந்தக் கூடுதல் காற்று தெரியாது. ஆகவே கணினியை மாற்ற வேண்டும், அதோடு உணரிகள், வயரிங், பற்றவைக்கும் நேரம் என்று எல்லாம் மாறும். மாற்றினால் வண்டி வேகமாகும், தயக்கமும் குறையும், உண்மை.

நான் அவரிடம் சொன்னது இதுதான். அந்தத் தயக்கத்தை எடுத்துவிட்டால் இந்த வண்டி ஏன் தோற்றது என்பதை இனி யாரும் ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. புத்தகத்தில் படிக்கலாம், கையில் உணர முடியாது. ஓலைச்சுவடியில் எழுத்துப்பிழை இருக்கிறது என்று சுரண்டித் திருத்துவோமா? தனியாகத் தாளில் குறித்து வைப்போம். சிஎக்ஸ்500 டர்போ ஒரே வருடம் செய்த வண்டி, இருப்பது கொஞ்சம், அதில் எழுதியது எழுதியபடி இருப்பது அதிலும் கொஞ்சம். இதற்கு மறுபேச்சும் உண்டு, அவரே சொன்னார்: "ஓட்டுறதுக்குத்தானே டீச்சர் வண்டி? பழைய கணினி நாளைக்குச் செத்தா மாத்துக்கு எங்கே போறது?" நியாயமான கேள்வி. கடைசியில் சொந்தக்காரரோடு பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறார். பழைய கணினி, பழைய அழுத்தம் அப்படியே. மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் மட்டும் புது வகை, பழையது பெட்டியில் சீட்டு ஒட்டி வண்டியோடு போகும். எதையும் அறுக்காமல், எப்போது வேண்டுமானாலும் திருப்பிப் போடும்படி. பெட்ரோல் உயர்ந்த ஆக்டேன் மட்டுமே. சொந்தக்காரர் அரை மனதோடுதான் சம்மதித்தாராம்.

கூடுதல் காற்றைத் திணிக்கும் ஆசை மட்டும் ஜப்பான்காரர்களை விடவில்லை. கவாசாகி 2014-இல் நிஞ்ஜா எச்2-வை அறிவித்தபோது காற்றழுத்தியை வைத்தது, ஆனால் புகையால் சுழலும் டர்போ இல்லை, எஞ்சினின் சுழற்சியோடு நேராகப் பிணைத்த சூப்பர்சார்ஜர். தயக்கத்துக்கு அங்கே இடமில்லை. 2024 நவம்பரில் மிலன் கண்காட்சியில் ஹோண்டா மூன்று சிலிண்டர் எஞ்சின் ஒன்றைக் காட்டியது. அதில் காற்றழுத்தியைச் சுழற்றுவது மின்மோட்டார், புகைக்காகக் காத்திருக்க வேண்டியதே இல்லை. தானே டர்போவைத் தொடங்கி வைத்த ஹோண்டா, 42 வருடம் கழித்து அந்தப் பழைய கணக்குக்கு வேறு வழியில் விடை தேடுகிறது.

வளைகுடாவிலோ ஐரோப்பாவிலோ வேலை பார்த்தவர்கள் யாராவது எண்பதுகளில் இந்த வண்டிகளில் ஒன்றை நேரில் பார்த்திருந்தால், ஓட்டியிருந்தால் இன்னும் நல்லது, கீழே எழுதுங்கள். அவருக்கு அனுப்பி வைக்கிறேன்.